பாஸ்போர்ட் பந்தைத் தடுக்காது

இந்தியக் கால்பந்து அணி தோற்கும் ஒவ்வொரு இரவும் நம் டைம்லைனில் இரண்டு கோஷ்டிகள் கிளம்பும். ஒரு கோஷ்டி, "வெளிநாட்டில் இருக்கும் நம்ம பசங்களைக் கூட்டிட்டு வாங்கய்யா" என்னும். இன்னொரு கோஷ்டி, "இந்தியாவுக்கு ஆடணும்னா இந்தியக் குடிமகனா இருக்கணும், இதுல என்ன பேச்சு" என்னும். 2025 அக்டோபர் 14 அன்று கோவாவில் சிங்கப்பூரிடம் 1-2 எனத் தோற்று 2027 ஆசியக் கோப்பைக்குப் போகும் வாய்ப்பை இழந்தோம். அடுத்த மாதம் 18ஆம் தேதி டாக்காவில் வங்கதேசத்திடம் 0-1. வங்கதேசம் அதற்கு முன் நம்மை வென்றது 2003இல். இரண்டு இரவும் இரண்டு கோஷ்டியும் விடிய விடியச் சண்டை போட்டார்கள்.

முதல் கோஷ்டி கேட்பது சரி, கேட்கும் காரணம் தப்பு. இரண்டாவது கோஷ்டிக்கு இரண்டுமே தப்பு. நான் புதுச்சேரிக்காரன். இந்த விஷயத்தைக் கொஞ்சம் உரக்கப் பேச எங்கள் ஊருக்கு உரிமை இருக்கிறது, ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

முதலில் டேனி ஃபாக்ஸ். யார் அது என்று கேட்பீர்கள். நியாயம்தான், டிஃபெண்டர்களை யார் ஞாபகம் வைத்துக்கொள்கிறார்கள்? 1986இல் இங்கிலாந்தின் செஷயர் பகுதியில், வின்ஸ்ஃபோர்ட் என்ற ஊரில் பிறந்தவர். எவர்ட்டன் கிளப்பின் இளையோர் பிரிவில் வளர்ந்தார், ஆனால் எவர்ட்டனின் முதல் அணியில் ஒரு ஆட்டம்கூடக் கிடைக்கவில்லை. மூன்றாம் அடுக்கில் ஆடிக்கொண்டிருந்த வால்சாலுக்குப் போய் அங்கே லெஃப்ட் பேக்காகத் தன்னை நிரூபித்தார். அப்புறம் கவென்ட்ரி. 2009 கோடையில் கிளாஸ்கோவின் செல்டிக். ஆறே மாதத்தில் பர்ன்லி. 2011இல் சவுத்தாம்ப்டன், அடுத்த ஆண்டு அவர்களோடு பிரீமியர் லீகுக்கு ஏற்றம். 2014இல் நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட், பிறகு விகன். கால் வேகம் குறையக் குறைய இடது ஓரத்திலிருந்து நடுவுக்கு நகர்ந்து சென்டர் பேக் ஆனார். டிஃபெண்டர்களுக்கு இப்படி ஒரு வசதி உண்டு. ஸ்ட்ரைக்கருக்கு வயதானால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். டிஃபெண்டருக்கு வயதானால் உள்ளே நகர்ந்து, இடம் பார்த்து நின்று, பக்கத்தில் இருப்பவனைக் கத்தி வேலை வாங்கி இன்னும் நாலைந்து வருடம் ஓட்டலாம்.

அவரைப் பற்றி நான் எழுதக் காரணம் 2009 நவம்பர் 14. இங்கிலாந்தில் பிறந்து, இங்கிலாந்தின் 21 வயதுக்குட்பட்டோர் அணிக்கே ஆடியிருந்த ஃபாக்ஸ், அன்று ஸ்காட்லாந்தின் சட்டையில் வேல்ஸுக்கு எதிராகக் களமிறங்கினார். தாத்தா பாட்டி தலைமுறையில் ஸ்காட்லாந்து உறவு இருந்தது, ஃபிஃபா விதிக்கு அது போதும். ஸ்காட்லாந்து 0-3 என்று தோற்றது, இரண்டு நாளில் பயிற்சியாளர் ஜார்ஜ் பர்லியின் வேலையும் போனது. அந்தத் தோல்விக்கு ஸ்காட்லாந்துக்காரர்கள் ஆயிரம் காரணம் சொல்லியிருப்பார்கள். லெஃப்ட் பேக் செஷயரில் பிறந்தவன் என்பது அதில் முக்கியமான காரணமாக இருந்திருக்க வழியில்லை. அந்தத் தீவில் இது அன்றாடம் நடப்பது. சென்னையின் எஃப்சிக்குப் பயிற்சியாளராக வந்து 2020 ஐஎஸ்எல் இறுதி வரை கூட்டிப்போன ஓவன் காயில் ஸ்காட்லாந்தின் பெய்ஸ்லியில் பிறந்தவர். அவர் சர்வதேச அளவில் ஆடிய ஒரே ஆட்டம் அயர்லாந்துக்கு.

ஃபாக்ஸ் ஸ்காட்லாந்துக்கு ஆடியது மொத்தம் நான்கு ஆட்டங்கள். பெரிய சரித்திரம் ஒன்றுமில்லை. 2020இல் விகன் நிதி நெருக்கடியில் சிக்கி, 12 புள்ளிகள் வெட்டப்பட்டுக் கீழே இறங்கியபோது, 34 வயதில் அவர் வந்து சேர்ந்த இடம் ஈஸ்ட் பெங்கால். கேப்டனாக. கொரோனா காலம் என்பதால் அந்த சீசன் முழுக்கக் கோவாவில், ஆளில்லாத மைதானங்களில். முதல் ஆட்டமே மோகன் பகானுடன், 0-2 தோல்வி. ஜனவரியில் எஃப்சி கோவாவுடன் ஆடியபோது சிவப்பு அட்டை வாங்கினார், ஒழுங்குக் குழு அதைப் பிறகு ரத்து செய்தது. 11 அணிகளில் ஈஸ்ட் பெங்காலுக்கு 9ஆவது இடம். ஒரு சராசரி டிஃபெண்டரின் ஓய்வுக்கு முந்தைய அத்தியாயம், அவ்வளவுதான்.

இப்போது இன்னொரு லெஃப்ட் பேக். நீல் டெய்லர். வேல்ஸின் செயின்ட் அசாஃபில் பிறந்தவர். 2016 யூரோவில் வேல்ஸ் அரையிறுதிக்குப் போனபோது இடது ஓரத்தைக் காத்தவர், ரஷ்யாவுக்கு எதிராக கோலும் போட்டார். அவருடைய அம்மா கொல்கத்தாக்காரர். எந்த ஊர் கிளப்புக்கு ஃபாக்ஸ் கேப்டனாக இருந்தாரோ அதே ஊர். ஃபாக்ஸுக்குத் தாத்தா பாட்டி வழி உறவு போதுமானதாக இருந்தது. டெய்லருக்குப் பெற்ற தாயே வங்காளி, ஆனால் அவர் இந்தியாவுக்கு ஆட நினைத்திருந்தால் முதலில் பிரிட்டிஷ் பாஸ்போர்ட்டைத் திருப்பிக் கொடுத்திருக்க வேண்டும். அவர் ஆசைப்பட்டார் என்று நான் சொல்லவில்லை, வேல்ஸ்தான் அவருக்கு வீடு. கதவு எந்த லட்சணத்தில் இருக்கிறது என்பதற்காகச் சொல்கிறேன்.

இந்தக் கதவைப் போட்டது ஃபிஃபா இல்லை, நாம்தான். அரசியலமைப்பும் 1955 குடியுரிமைச் சட்டமும் இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை. சரி, அது நாட்டின் கொள்கை, அதோடு எனக்கு இங்கே வழக்கில்லை. ஆனால் விளையாட்டில் இந்தியச் சட்டை போட இந்தியப் பாஸ்போர்ட் கட்டாயம் என்று விளையாட்டு அமைச்சகம் திட்டவட்டமாகச் சொன்னது 2008இன் இறுதியில்தான். அதற்கு முன் என்ன நடந்தது? விஜய் அமிர்தராஜின் மகன் பிரகாஷ் அமிர்தராஜ் லாஸ் ஏஞ்சல்ஸில் பிறந்த அமெரிக்கக் குடிமகன். 2003 முதல் 2008 வரை டேவிஸ் கோப்பையில் இந்தியாவுக்கு ஆடினார். நம் ஆட்கள் கை தட்டினார்கள், தமிழ்ப் பையன் என்று பத்திரிகைகள் எழுதின. அந்த ஐந்து வருடத்தில் இந்தியாவின் இறையாண்மைக்குக் கீறல் ஏதும் விழுந்ததாகத் தெரியவில்லை. ஒரு சுற்றறிக்கை வந்தது, அவர் வெளியே போனார். அவ்வளவு சமீபத்தில் போட்ட விதியைத்தான் இரண்டாவது கோஷ்டி ஆதிகாலத்துத் தர்மம் போலப் பேசுகிறது.

"தியாகம் செய்தால் வரட்டுமே, ராபின் சிங் செய்யவில்லையா?" என்பார்கள். செய்தார். டிரினிடாடில் பிறந்து, படிக்க வந்த சென்னையிலேயே தங்கி, தமிழ்நாடு 1987-88இல் ரஞ்சிக் கோப்பை வென்றபோது அணியில் இருந்து, 1989இல் இந்திய அணிக்குள் வந்தவர். ஆனால் அவர் இங்கே வாழ்வதென்று முடிவெடுத்த பிறகு வந்த பாஸ்போர்ட் அது. கால்பந்தில் இந்த வழியாக வந்தவர்களைப் பாருங்கள். அராட்டா இசுமி, அப்பா குஜராத்தி, அம்மா ஜப்பானியர். ஜப்பான் குடியுரிமையைத் துறந்து 2013இல் இந்தியாவுக்கு ஆடத் தொடங்கியபோது வயது 30. ரயன் வில்லியம்ஸ், பெர்த்தில் பிறந்தவர், அம்மா மும்பையின் ஆங்கிலோ இந்தியக் குடும்பத்தில் பிறந்தவர். 2025இல் ஆஸ்திரேலியக் குடியுரிமையைத் துறந்து இந்தியரானபோது வயது 32. இருவர் மீதும் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் அந்த வயதுகளைக் கவனியுங்கள். 22 வயதில், ஐரோப்பாவில் ஒப்பந்தம் கிடைக்கும் நேரத்தில், எவனாவது அந்த நாட்டில் வேலை செய்யும் உரிமையைத் தூக்கிக் கொடுப்பானா? அவன் ஏஜென்ட் ஒத்துக்கொண்டாலும் அவன் அம்மா ஒத்துக்கொள்ள மாட்டாள். இந்த விதி தேசபக்தியை வடிகட்டி எடுப்பதாக நினைக்கிறோம். அது வடிகட்டுவது வயதை. ஆட்டத்தின் பெரும்பகுதியை வேறெங்கோ ஆடி முடித்தவர்களுக்கு மட்டுமே கட்டுப்படியாகும் விலையை வைத்துவிட்டு, "பார், யாரும் வர மாட்டேன் என்கிறார்கள்" என்று குறைப்படுகிறோம்.

சிங்கப்பூர் விஷயத்தில் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். அன்று கோவாவில் நமக்கு இரண்டு கோலும் போட்ட சோங் உய்-யோங் தென்கொரியாவில் பிறந்தவர், சிங்கப்பூரும் இரட்டைக் குடியுரிமை தராத நாடுதான். ஆக, ஒற்றைக் குடியுரிமை வைத்துக்கொண்டும் செய்யலாம். ஆனால் சிங்கப்பூர் பாஸ்போர்ட்டும் இந்தியப் பாஸ்போர்ட்டும் விமான நிலைய வரிசையில் ஒன்றா என்று விசாவுக்கு அலைந்த எந்த ஐடி ஊழியரையும் கேளுங்கள். வங்கதேசம் வேறு வழியில் போனது. இங்கிலாந்தில் பிறந்து லெஸ்டர் சிட்டியில் வளர்ந்த ஹம்சா சௌத்ரி, பிரிட்டிஷ் பாஸ்போர்ட்டை விடாமலேயே அம்மாவின் நாட்டுக்கு ஆட வந்தார். 2025 மார்ச்சில் ஷில்லாங்கில் அவருடைய முதல் ஆட்டமே நம்மோடுதான், 0-0. டாக்காவில் என்ன ஆனது என்பதை மேலே சொல்லிவிட்டேன்.

இனி எங்கள் ஊர்.

1954 நவம்பர் 1 அன்று பிரெஞ்சுக்காரர்கள் புதுச்சேரி நிர்வாகத்தை இந்தியாவிடம் ஒப்படைத்தார்கள். ஒப்பந்தம் 1956இல் கையெழுத்தானது, ஆனால் பாரிஸ் அதை உறுதிசெய்து நடைமுறைக்கு வந்தது 1962 ஆகஸ்ட் 16 அன்று. அந்த ஒப்பந்தத்தில் ஒரு பிரிவு. இங்கே பிறந்து இங்கேயே வாழ்கிறவர்கள் இந்தியர்கள் ஆவார்கள், பிரெஞ்சுக் குடிமக்களாகவே தொடர விரும்புகிறவர்கள் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். ஆறு மாதம். சிலர் எழுதிக் கொடுத்தார்கள், பலர் கொடுக்கவில்லை. பிரெஞ்சுப் படையில் இருந்த 'சொல்தா'க்களுக்கு ஓய்வூதியக் கணக்கு இருந்தது. சிலருக்கு உண்மையிலேயே பிரான்ஸ் மீது பற்று. சிலருக்கு விஷயமே காதில் விழவில்லை. அண்ணன் எழுதிக் கொடுத்து, தம்பி கொடுக்காமல் விட்ட குடும்பங்கள் உண்டு. அந்த ஒரு தாளின் பேரப்பிள்ளைகள்தான் இன்று ஒரே தெருவில், ஒரே குழாயடியில், ஒரே கோயில் திருவிழாவில் இரண்டு நாட்டுக் குடிமக்களாக இருக்கிறார்கள். ஜூலை 14 அன்று கடற்கரைச் சாலையில் போர் நினைவிடத்துக்கு வந்து பாருங்கள். பதக்கம் குத்திய தாத்தா மர்சேய்ஸ் பாடி முடித்துவிட்டு, பேரனை "டேய், வண்டிய எடுடா" என்பார்.

இந்தப் பேரன்களில் ஒருவனோடு நான் பந்து ஆடியிருக்கிறேன். பெயர் வேண்டாம், இப்போது அவன் பாரிஸுக்கு வெளியே ஏதோ ஒரு கிடங்கில் வேலை செய்கிறான். முத்தியால்பேட்டையில் பிறந்தவன், பிரான்ஸைப் படத்தில்தான் பார்த்திருந்தான், பிரெஞ்சு என்னைவிடக் கொஞ்சம் தேவலை. எங்கள் அணியில் இடது பக்கம் அவன் நின்றால் கோல்கீப்பர் அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கவே மாட்டான். 17 வயதில் ஒரு தேர்வு முகாமுக்கு இருவரும் போனோம். நான் முதல் நாளே கழிக்கப்பட்டேன், அதில் யாருக்கும் வியப்பில்லை. அவன் மூன்றாம் நாள் வரை போனான். மூன்றாம் நாள் மேசைக்குப் பின்னால் இருந்த ஆள் அவன் காகிதங்களைப் புரட்டிவிட்டு, "தம்பி, நீ ஃபாரினராச்சே" என்றார். கெட்ட எண்ணமெல்லாம் இல்லை. உண்மையாகவே வருத்தப்பட்டார், டீ கூட வாங்கிக் கொடுத்தார். அவருடைய படிவத்தில் அந்தப் பையனுக்குக் கட்டம் இல்லை.

அவன் கையில் இருந்தது ஓசிஐ அட்டை. அதன் முழுப்பெயரில் 'ஓவர்சீஸ் சிட்டிசன்' என்று இருக்கிறது. கடல் கடந்த குடிமகன்! வைத்திக்குப்பத்தில் நின்று கல்லெறிந்தால் கடலில் விழும், அவன் வாழ்நாளில் அதைக் கடந்ததில்லை. நம் கால்பந்துப் பதிவேட்டில் இந்த அட்டைக்காரன் வெளிநாட்டு வீரன்தான். ஐஎஸ்எல் கிளப் எதுவும் எடுக்கலாம், ஆனால் வெளிநாட்டுக்காரர்களுக்கென்று இருக்கும் நாலைந்து இடங்களில் ஒன்றைக் கொடுத்து. டேனி ஃபாக்ஸுக்குக் கொடுத்த அதே இடம். பிரீமியர் லீக் பார்த்த சென்டர் பேக்கும் முத்தியால்பேட்டை லெஃப்ட் பேக்கும் ஒரே வரிசையில் நின்றால் எந்தக் கிளப் பின்னவனை எடுக்கும்? நானே எடுக்க மாட்டேன். சந்தோஷ் டிராபியில் புதுச்சேரிக்கு ஆடலாம் என்றால் அதுவும் இந்தியக் குடிமக்களுக்கு மட்டும். புதுச்சேரிக்காரன் புதுச்சேரிக்கு ஆட முடியாது!

இந்தப் பிரச்சினை பிரெஞ்சுக்காரர்கள் விட்டுப்போன ஊருக்கு மட்டும் உரியதில்லை. கோவாவில் 1961க்கு முன் பிறந்தவர்களின் சந்ததிக்குப் போர்ச்சுகல் குடியுரிமை எட்டும் தூரத்தில் இருக்கிறது. எடுத்தவுடன் இந்தியக் குடியுரிமை போய்விடும். கால்பந்து ஊறிய ஒரு மாநிலத்தில் ஒவ்வொரு பையனும் ஒரு வயதில் இந்தக் கணக்கைப் போட்டாக வேண்டும், ஐரோப்பாவில் வேலையா இந்தியச் சட்டையா என்று. எது ஜெயிக்கும் என்று உங்களுக்கே தெரியும்.

"அப்படியானால் உள்ளூர்ப் பையன்களின் வாய்ப்பு?" இது ஒன்றுதான் அந்தத் தரப்பில் எனக்கு மரியாதை உள்ள கேள்வி. திருச்சியிலும் நாமக்கல்லிலும் பிறந்த தர்மராஜ் ராவணன், மோகன்ராஜ் போன்ற டிஃபெண்டர்கள் ஊர் ஊராய்க் கிளப் மாறி ஒரு வாழ்க்கையைக் கட்டியவர்கள். அவர்கள் இடத்துக்கு லண்டனிலிருந்து எவனோ வந்தால்? வரட்டும், போட்டி போடட்டும். ஐஎஸ்எல் தொடங்கிய 2014இலிருந்து அணிகள் நடுப் பின்களத்தை மொத்தமாக வெளிநாட்டுக்காரர்களிடம்தானே கொடுத்து வைத்திருந்தன? இத்தாலியிலிருந்து மாட்டராஸியும் நெஸ்டாவும் சென்னைக்கு வந்தபோது உள்ளூர்ப் பையனின் வாய்ப்பைப் பற்றி யார் கண்ணீர் விட்டார்கள்? டிக்கெட் வாங்க வரிசையில் நின்றோம். ஜாம்பவான் வந்தால் அது கற்றல், சொந்தக்காரன் வந்தால் அது பறிப்பு என்பது என்ன கணக்கு?

இங்கேதான் முதல் கோஷ்டியோடு எனக்குச் சண்டை. அவர்கள் பட்டியல் வைத்திருக்கிறார்கள். இங்கிலாந்தில் இவன், ஜெர்மனியில் அவன், சந்தை மதிப்பு இத்தனை யூரோ. எல்லாம் வேறொருவர் சோறு போட்டு வளர்த்த பிள்ளைகள். ஃபாக்ஸை எவர்ட்டன் வளர்த்தது, வால்சால் பட்டை தீட்டியது, ஸ்காட்லாந்துக்குச் சட்டை மட்டும்தான் செலவு. அந்த வசதிதான் இவர்களுக்கும் வேண்டும். மொராக்கோவை உதாரணம் காட்டுவார்கள். 2022 உலகக் கோப்பையில் அரையிறுதி போன அணியின் 26 பேரில் 14 பேர் வெளிநாட்டில் பிறந்தவர்கள், மாட்ரிட்டில் பிறந்த ரைட் பேக் ஹக்கிமி ஸ்பெயினையே பெனால்டியில் வெளியே அனுப்பினார். உண்மை. மீதி 12 பேரை மொராக்கோ சொந்த மண்ணில் வளர்த்ததே, அதற்கு அகாடமி கட்டியதே, அதைச் சொல்ல மாட்டார்கள். அவர்கள் பட்டியலில் முத்தியால்பேட்டைப் பையன் எந்நாளும் வரமாட்டான். அவனுக்குச் சந்தை மதிப்பு இல்லை, யூடியூபில் ஹைலைட்ஸ் இல்லை. அவனுக்குத் தேவைப்பட்டது 17 வயதில் ஒரு நல்ல பயிற்சியாளரும் படிவத்தில் ஒரு கட்டமும்.

தேசபக்தி வாதத்தையும் பார்த்துவிடலாம். என் அலுவலகத்தில் மதிய உணவு மேசையில் இதை மிக உரக்கப் பேசுகிறவர் இருக்கிறார். அவருக்கு கனடா பிஆர் விண்ணப்பம் ஓடிக்கொண்டிருக்கிறது. நல்ல மனிதர், அதில் தப்பில்லை, போகட்டும். பத்து வருடத்தில் அவர் மகள் கையில் கனடா பாஸ்போர்ட் இருக்கும். அவள் ஒருவேளை நன்றாக ஆடி, அப்பாவின் நாட்டுக்கு ஆட வேண்டும் என்று ஆசைப்பட்டால், அவளிடம் போய் "நீ ஃபாரினர்" என்று சொல்லப்போவது இன்று அவர் காக்கும் விதிதான். இதை நான் அவரிடமே சொன்னேன். "அது வேற, இது வேற" என்றார். எது வேறு என்று இன்னும் சொல்லவில்லை.

90 நிமிடம் ஒரு சட்டைக்காக ஓடுகிறவனின் பற்றை அளக்க எனக்கு வேறு அளவுகோல் தெரியாது, அவன் ஓடுகிறானா என்பதைத் தவிர. 1998இல் பிரான்ஸ் உலகக் கோப்பையைத் தூக்கியபோது அரையிறுதியில் குரோஷியாவுக்கு எதிராக இரண்டு கோலும் போட்ட ரைட் பேக் துராம் குவாதலூப்பில் பிறந்தவர், அவரோடு பின்களத்தில் நின்ற டெசாயி கானாவின் அக்ராவில். அவர்கள் உண்மையான பிரெஞ்சுக்காரர்களா என்று கேட்ட கட்சி அங்கேயும் இருந்தது. இங்கே அதே கேள்வியைக் கேட்கிறவர்கள் அந்தக் கட்சியின் பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறோம் என்பதைத் தெரிந்துகொண்டு கேட்கட்டும்.

இரட்டைக் குடியுரிமைக்காக அரசியலமைப்பைத் திருத்தச் சொல்லவில்லை, அது நடக்கிற காரியமும் இல்லை. முதலில் செய்யக்கூடியது சின்ன வேலை. சட்டப் புத்தகத்தில் கை வைக்காமல் கால்பந்து சம்மேளனமே செய்யலாம். இந்தியாவில் பிறந்து இங்கேயே வளர்ந்த ஓசிஐ அட்டைக்காரர்களை உள்ளூர்ப் போட்டிகளில் உள்ளூர் வீரர்களாகப் பதிய வேண்டும், சந்தோஷ் டிராபியிலிருந்து ஐஎஸ்எல் வரை. எத்தனை பேர் தேறுவார்கள்? புதுச்சேரி, காரைக்கால், கோவா எல்லாம் சேர்த்தாலும் ஒரு சீசனுக்கு விரல் விட்டு எண்ணலாம். இந்தியத் தரவரிசை இதனால் ஒரு இடம்கூட ஏறாது. அடுத்தது அமைச்சகத்தின் பக்கம். 2008இல் மூடிய கதவை, ஓசிஐ அட்டைக்காரர்கள் மட்டும் நுழையும் அளவுக்காவது திறக்க வேண்டும். ஃபிஃபா தன் பங்குக்கு குடியுரிமை கேட்கும், அதனால் கால்பந்தில் அது தனியாகப் போதாது, சட்டத்தில் ஒரு விலக்கும் வேண்டியிருக்கும். அதற்குப் பல வருடம் ஆகும். முதல் வேலைக்கு ஒரு படிவத்தை மாற்றி அச்சடித்தால் போதும்.

உப்பளம் மைதானத்தில் அடுத்த தேர்வு முகாம் நடக்கும்போது அந்த மேசைக்குப் பின்னால் வேறொருவர் உட்கார்ந்திருப்பார். வரிசையில் எங்கோ ஒரு இடதுகாலன் நிற்பான், பையில் சிவப்பு பாஸ்போர்ட்டோடு.